கெட்டி ஆயில்

பழைய வண்டியைப் பார்க்கப் போகிற மெக்கானிக் வேறெதையும் தொடுவதற்கு முன்னால் பானெட்டைத் தொட வேண்டும். முத்தையா தொட்டான். சுட்டது.

இரவெல்லாம் நின்ற இன்ஜினில் ஆயில் முழுக்க அடியில் இறங்கிக் கிடக்கும். காலையில் கிளப்புகிற முதல் மூன்று விநாடியில், உள்ளே எது தளர்ந்திருக்கிறதோ அது தானாக வாயைத் திறந்துவிடும். சூடேறிய பிறகு எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான். விற்கிறவனுக்கும் இது தெரியும். உபி வட்டாரத்தில் இருந்த அந்தப் பழைய கார்க் கடைக்காரன், மேடம் வெயிலில் வருவார் என்று அரை மணி நேரமாக ஏர்கான் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தான்.

இன்றைக்கு வேண்டாம், நாளைக் காலையில் நான் வந்துதான் கிளப்புவேன், அதுவரை சாவியைத் தொடாதே என்று முத்தையா சொல்லியிருக்க வேண்டும். அவன் வேலை செய்யும் காக்கி புக்கிட் பட்டறைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட அதைத்தான் சொல்லுவான். ஆனால் மேடம் ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

மேடம் என்றது தங்கத்தை. சேதுபதியின் மனைவி. சக்கர நாற்காலிக்கு வந்த மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். பின்னால் நின்ற மகள் கவிப்ரியாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், இரண்டு முழம் மல்லிகை. சிராங்கூன் சாலைக் கோயிலில் ஐந்து மணிக்கு வண்டிப் பூஜைக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது. முன்பணம் கட்டி, பேங்க் கடனும் வந்து, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மெக்கானிக் பார்ப்பது அர்ச்சனைத் தட்டில் வெற்றிலை வைப்பது போல. இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேதுபதியும் முத்தையாவும் துவாஸ் கப்பல் பட்டறையில் ஒரே இரட்டைக் கட்டிலில் மேலும் கீழும் படுத்தவர்கள். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கசடு வாரியவர்கள். காலையும் மாலையும் லாரியின் பின்னால் குந்திக்கொண்டு, மழை வந்தால் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகத் தலைக்கு மேல் பிடித்தபடி போனவர்கள். பிறகு முத்தையா ஸ்பேனரைப் பிடித்தான். சேதுபதி கிரேன் லைசென்ஸ் எடுத்தான். இங்கேயே பிறந்து, சிராங்கூனில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்த தங்கத்தைக் கட்டிக்கொண்டான்.

தங்கத்துக்குத் தண்டுவடத்தில் கட்டி வந்தது. அறுத்து எடுத்து, முதுகில் இரண்டு கம்பிகளை வைத்துத் தைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. மேலே முதுகு வளைவதும் போனது. குனிந்து டாக்ஸிக்குள் நுழைய முடியாது. நாற்காலியைப் பார்த்ததும் நிற்காமல் போகிற டாக்ஸிகள் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர ஈசூன் ஒன்பதாம் மாடி வீட்டை விட்டு அவள் இறங்குவதே நின்று போயிற்று. பாலர் பள்ளியில் மட்டும் அவளை மறக்கவில்லை. வாரம் இரண்டு காலை வந்து பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்ல முடியுமா, சம்பளம் தருகிறோம், வந்து சேருவது உங்கள் பொறுப்பு என்று கேட்டிருந்தார்கள்.

சாய்பலகை வைத்த வேன் ஒன்று வாங்கு, நாற்காலியோடு உள்ளே தள்ளிவிடலாம் என்று எல்லாரும் சேதுபதிக்குச் சொன்னார்கள். முத்தையாவும் சொன்னான்.

"பின்னால ஏத்திக் கதவச் சாத்துறதுக்கு அவ என்ன சாமானா? நம்மள ஏத்துனது போதும்டா. அவ முன்னால உட்காரணும்" என்றான் சேதுபதி.

அப்படித்தான் இந்த வண்டி வந்தது. ஏழு வருடம் ஓடிய வெள்ளை நிறக் கான்டி. ஐரோப்பிய வண்டியைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய வண்டி, உயரமான கூரை, தோல் சீட்டு. சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். ஒரு பொத்தானை அமுக்கினால் பைகளில் காற்று இறங்கி வண்டியே நாலு விரல் தாழ்ந்து கொடுக்கும். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டுத் தங்கம் கைகளை ஊன்றி நகர்ந்து, குனியாமல், நிமிர்ந்தபடியே உள்ளே போய்விட்டாள். இந்த ஊரில் பத்து வருடத்துக்கு மேல் ஒரு வண்டியை ஓட்ட வேண்டுமானால் சிஓஇ என்கிற உரிமத்தை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். இதற்கு இன்னும் மூன்று வருடம் ஒரு மாதம் மிச்சம் இருந்தது. அதனால்தான் சேதுபதியின் கைக்கு எட்டுகிற விலைக்கு வந்திருந்தது.

முத்தையா பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். இன்ஜின் சீராக ஓடியது. மூடினான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தங்கம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"எப்படிண்ணே இருக்கு? நீங்க சொல்லுங்க."

பூஜைக்குப் புறப்பட்டு நிற்கிற வண்டி. பையில் எலுமிச்சம்பழம். அந்த நேரத்தில் சரியில்லை என்ற சொல்லை வாயில் எடுக்க அவனுக்கு நாக்கு வரவில்லை. அவன் வளர்ந்த வீட்டில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது தும்மினால்கூடத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

"நல்லா இருக்கும்மா" என்றான்.

ஐந்து மணிக்கு நாலு சக்கரமும் நாலு பழத்தை நசுக்கின.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வைப்பர் மாற்றிக் கொடுக்க முத்தையா ஈசூனுக்குப் போயிருந்தபோது, சேதுபதி வண்டியைக் கிளப்பினான். டப்பாவில் காய்ந்த கொண்டைக்கடலையைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். மூன்று விநாடி. பிறகு அமைதி. சேதுபதி ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை.

டைமிங் செயின். இன்ஜினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருக்கிற சங்கிலி. அது நீண்டு தளர்ந்துவிட்டது, அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் தகடுகளும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். இந்த ரக வண்டியில் செயின் இன்ஜினுக்குப் பின்பக்கம் இருக்கிறது. இன்ஜினையே கழற்றி இறக்கினால்தான் கை போகும். இந்த ஊர்க் காசில் ஆறாயிரம் வெள்ளி ஆகும். இன்றைக்குச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். வராமலும் போகலாம். சேதுபதி அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. ஆனாலும் முத்தையாவுக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவனாகவே ஆயில் மாற்றித் தருகிறேன் என்று வந்தான். கம்பெனி சொன்னதை விட்டுவிட்டு ஒரு படி கெட்டியான ஆயிலை ஊற்றினான். கெட்டி ஆயில் சீக்கிரம் கீழே இறங்காது. தளர்ந்த செயினைச் சுற்றி மெத்தை போல ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் காலை சத்தம் இல்லை. சாகப்போகிற வண்டியைத் தலையில் கட்டுகிற வியாபாரிகள் செய்கிற வேலை இது. அப்படி ஊற்றிய வண்டி பட்டறைக்கு வந்தால் முத்தையாவே அவர்களை அசிங்க அசிங்கமாகத் திட்டியிருக்கிறான்.

நாலு மாதம் வண்டி நன்றாக ஓடியது. செவ்வாயும் வியாழனும் சேதுபதி மதிய வேலைக்கு மாற்றிக்கொண்டு தங்கத்தைப் பாலர் பள்ளியில் இறக்கிவிட்டான். தேக்கா மார்க்கெட்டில் தங்கமே மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினாள். தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் சாலை முழுக்க விளக்குப் போட்டிருந்தபோது, வண்டிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு எரிச்சலில் இருந்த சேதுபதியிடம், இன்னொரு சுற்றுப் போங்க என்றாளாம். அவன் அதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பிறகு கான்டி தன் புத்தியைக் காட்டத் தொடங்கியது. ஒரு காலையில் கார்பார்க்கில் வலது முன்பக்கம் தரையோடு அமுங்கிக் கிடந்தது, ஒரு காலை மடித்துப் படுத்த எருமை மாதிரி. காற்றுப் பையின் ரப்பர் வெடித்துவிட்டது. கம்பெனிச் சாமான் ஒன்றுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டார்கள். முத்தையா தைவான் சாமானைத் தொள்ளாயிரத்துக்குத் தேடிப் பிடித்தான். ஒன்று போனால் மற்றதும் போகும் என்பதால் இரண்டு. கிழிந்த பைக்குக் காற்றடித்து அடித்தே பம்பும் கருகியிருந்தது. அது ஆயிரத்து நானூறு. அதை முடித்த மாதம் தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் மூட்டு பிஸ்கட் போல உடைந்து குளிர்நீர் ஒழுகியது. இன்ஜினின் மேல்மூடியில் ஆயில் கசிந்து புகைந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் ஏழெட்டு வருடத்தில் ரப்பர் ரப்பராக இருக்காது. கான்டியில் ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு மாதச் சம்பளம் கேட்பார்கள், அதுதான் வித்தியாசம்.

கூலியை முத்தையா வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஈசூன் கார்பார்க்கில் அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கு அடியில் கிடந்தான். ஒரு தடவை வேலை முடிந்து சேதுபதி அவனை லிட்டில் இந்தியாவுக்கு இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனான். பக்கத்து மேஜையில் தெரிந்தவர்கள். இவன் கண்ணால் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் வாங்கினேன், இவன் இல்லன்னா இந்த வண்டி எப்பவோ படுத்திருக்கும் என்று சேதுபதி அவர்களிடம் அளந்துகொண்டிருந்தான். முத்தையா தலையைக் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தான். இரண்டாவது தடவை சோறு வைக்க வந்தவரிடம் வேண்டாம் என்று கையை மறித்தான்.

வாங்கிப் பதினாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிடிஇ விரைவுச்சாலையில் அங் மோ கியோவைத் தாண்டும் முன்பே இன்ஜின் நின்றது. நிற்பதற்கு முன் இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்கிற சத்தம் வந்ததாம். உருண்ட வேகத்திலேயே சேதுபதி ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டான். மீட்பு லாரி வந்தது. விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்றார்கள். உயிர் போன வண்டி தாழ்ந்து கொடுக்காது. ஒருவர் தோளுக்கடியிலும் ஒருவர் முட்டிக்கடியிலும் கை கொடுத்துத் தங்கத்தைத் தூக்கினார்கள். தூக்கும்போது மூத்திரப் பையின் குழாய் கழன்றுகொண்டது. நனைந்த துணியோடு நாற்பது நிமிடம், லாரிகள் போகிற காற்றில், கம்பி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இதையெல்லாம் சேதுபதி சொல்லவில்லை. மத்தியானம் கவிப்ரியா போன் பண்ணிச் சொன்னாள். "அம்மா பேசவே மாட்றாங்க மாமா. பள்ளிக்கூடத்துக்கு ஃபீவர்னு சொல்லிட்டோம்" என்றாள்.

மறுநாள் வண்டி காக்கி புக்கிட்டுக்கு வந்தது. முத்தையா மேல்மூடியைக் கழற்றினான். செயின் பற்களைத் தாண்டிக் குதித்திருந்தது. தகடுகள் தூள். வால்வுகள் எல்லாம் வளைந்திருந்தன. உள்ளே விரலை விட்டு அவன் ஊற்றிய ஆயிலைத் தொட்டுப் பார்த்தான். கறுப்பாக, பாகு போல விரலில் நின்றது.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, வேறு இன்ஜின் பழசாகப் பார்த்து மாற்றினால்கூடப் பதினேழாயிரம் ஆகும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். சேதுபதி வேலைச் சட்டையோடு வந்திருந்தான். கொஞ்ச நேரம் இன்ஜினைப் பார்த்தான். பிறகு முத்தையாவின் தோளில் கையை வைத்தான்.

"விடு. நீ என்னடா பண்ணுவ? இரும்புதானே, உடையும்லா."

அந்தக் கை இல்லாவிட்டால் முத்தையா அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டான். தோளில் கை இருக்கும்போதே சொன்னான். பானெட் சுட்டதைச் சொன்னான். இரண்டாவது வாரம் கேட்ட சத்தத்தைச் சொன்னான். கெட்டி ஆயில் எதற்கு ஊற்றினான் என்று சொன்னான். எதையும் மழுப்பவில்லை. சொல்லி முடிப்பதற்குள் தோளிலிருந்த கை கீழே இறங்கியிருந்தது.

"அப்பவே மாத்தியிருந்தா எவ்வளவு?" என்று சேதுபதி கேட்டான்.

"ஆறாயிரம்."

"ஆறாயிரம் என்கிட்ட இருந்துச்சேடா."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் முத்தையாவுக்குத் தாங்கவில்லை. தன் சேமிப்பைப் போட்டு இன்ஜின் மாற்றித் தருகிறேன், ஒரு மாதத்தில் ஓட வைத்துவிடலாம் என்று கடகடவென்று பேசினான். அவன் பேசி முடிக்கும் வரை சேதுபதி கேட்டான்.

"சிஓஇ இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்ல. இந்த மாதிரி வண்டியோட ஒரு கஸ்டமர் வந்தா நீ என்ன சொல்லுவ?"

முத்தையா தரையைப் பார்த்தான். "இன்ஜின் போடாதீங்க, ஸ்கிராப்புக்கு விட்டுடுங்கன்னு சொல்லுவேன்."

"அத என்கிட்டயும் சொல்லு."

முத்தையா சொன்னான். சேதுபதி சரி என்று தலையாட்டிவிட்டு, இன்ஜினைத் தொடாத கைகளைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

வண்டி உடைசல் யார்டுக்குப் போயிற்று. பதிவை ரத்து செய்ததற்கு அரசாங்கம் திருப்பித் தந்த தொகையை பேங்க் எடுத்துக்கொண்டது. அப்படியும் கடன் தீரவில்லை. இன்னும் இருபது மாதம் இல்லாத வண்டிக்குச் சேதுபதி தவணை கட்ட வேண்டும். அது முடியாமல் வேறு வண்டிக்கு எந்த பேங்க்கும் கடன் தராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்தையா ஈசூனுக்குப் போனான். யாரும் கூப்பிடவில்லை. கவிப்ரியா கதவைத் திறந்து, உட்காருங்க மாமா என்றாள். சேதுபதி படுக்கையறையில் இருந்தான். முத்தையாவின் குரல் கேட்டும் வெளியே வரவில்லை. தங்கம் ஹாலில் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். எதிரே மேஜையில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அவள் வெட்டி ஒட்டிய காகிதப் படங்கள், ஒரு நரி, ஒரு கிணறு, கிணற்றுக்குள் நிலா, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கிடந்தன.

அவளிடம் எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கு அவள் புடவை கட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனசு வரவில்லை, பூஜை நேரத்தில் வாய் வரவில்லை என்று தொடங்கினான். தங்கம் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என் முகம் வாடிடக் கூடாதுன்னு சொல்லலன்னு சொல்லாதீங்கண்ணே. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆறு மாசத்துல எந்திருச்சு நடந்துடலாம்னாரு டாக்டர். அவருக்கே தெரியும், நடக்காதுன்னு. இவரும் தெரிஞ்சுக்கிட்டே ஆமா ஆமான்னாரு. பள்ளிக்கூடத்துல நான் இல்லாம ஒண்ணுமே ஓடலன்னு சொல்றாங்க. இந்தச் சேர்ல உட்கார்ந்ததுலேர்ந்து என்கிட்ட யாரும் உள்ளதச் சொல்றதில்ல."

தங்கம் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்களக் கேட்டது எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க மெக்கானிக். இரும்பப் பார்த்துப் பேசுவீங்க, என்னப் பார்த்துப் பேச மாட்டீங்கன்னுதானே கேட்டேன்."

அவள் குரல் ஏறவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. அவள் அழுதிருந்தால் முத்தையா காலில் விழுந்திருப்பான். அதற்குக்கூட அவள் இடம் தரவில்லை. மன்னிச்சிடும்மா என்றான். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மடியிலிருந்த போனை எடுத்து யாரையோ அழைத்தாள்.

அந்தப் பக்கம் பாலர் பள்ளியின் தலைமை ஆசிரியை அமீரா. விசாரிப்பதும், உடம்பு எப்படி என்று கேட்பதும் ஸ்பீக்கர் போடாமலேயே முத்தையாவுக்குக் கேட்டது. தங்கம் அவரைப் பேசி முடிக்க விட்டாள்.

"ஃபீவர் இல்ல அமீரா. அன்னைக்கு அப்படிச் சொன்னது பொய். வண்டி எக்ஸ்பிரஸ்வேயில நின்னு போச்சு. இப்ப வண்டி இல்ல, ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ வழி சொல்லப்பட்டது. வேன், ஏற்பாடு, பார்க்கலாம் என்ற சொற்கள் துண்டு துண்டாக வந்தன. தங்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, பிள்ளைகளிடம் பேசும்போது வருகிற அந்தத் தெளிவான குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இல்லம்மா. இந்தச் செவ்வாய் இல்ல, அடுத்த செவ்வாயும் இல்ல. பார்க்கலாம்னு சொல்ல வேண்டாம். வேற ஆளப் போட்டுக்கங்க. படமெல்லாம் கவிகிட்ட கொடுத்து விடுறேன், புது டீச்சருக்கு உதவும்."

போனை மடியில் வைத்தாள். காகிதப் படக் கட்டை எடுத்து, ரப்பர் பேண்டை ஒரு சுற்றுக் கூடுதலாக இறுக்கி மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். படுக்கையறைக்குள் கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது; சேதுபதி எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கவி, மாமா கிளம்புறாங்க. கதவத் திறந்து விடு" என்றாள் தங்கம்.

முத்தையா இன்னும் எழுந்திருக்கவில்லை.